இவருக்குப் பதில் இவர்

2020 மார்ச் 19 முதல் படப்பிடிப்பு கிடையாது என்று பெஃப்சி அறிவித்தபோது, முகையூரில் எங்கள் வீட்டில் எழுந்த முதல் கேள்வி 'சித்தி 2' என்ன ஆகும் என்பதுதான். அடுத்த வாரமே ஊரடங்கு. அம்மாவின் களையெடுப்பும் நின்றது. பழைய சீரியல்களையே மறுபடி பார்த்தோம்.

மே மாதம், உள்ளரங்கில் 20 பேரோடு சீரியல் எடுக்கலாம் என்றது அரசு. போதாது என்று கேட்டுக் கேட்டு, மாதக் கடைசியில் அது 60 ஆனது. நான் செய்தியை வாசிக்க, அம்மா விரல்விட்டு எண்ணினாள். நடிகருங்க, கேமரா, லைட், மேக்கப்...

"அங்க பாத்திரம் கழுவுற பொம்பளைங்க அந்த அறுபதுல வருவாங்களாடி?"

நான் பதில் சொல்லவில்லை. இத்தனை வருடம் சீரியல் பார்த்தும், அப்படிச் சிலர் அங்கே இருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றியதில்லை. எல்லாம் நாள்கூலி. படப்பிடிப்பு இல்லையென்றால் கூலியும் இல்லை.

படப்பிடிப்பு மீண்டும் தொடங்கியபின் பல சீரியல்களில் முகங்கள் மாறியிருந்தன. 'சித்தி 2'இல் பொன்வண்ணனுக்குப் பதில் நிழல்கள் ரவி. அம்மா சிரித்தாள். முன்பொரு முறை முட்டிவலியால் அவள் ஒரு வாரம் போகாதபோது, அவள் இடத்தில் வேறொருத்தியை இறக்கிவிட்டிருந்தார்கள்.

"எனக்கு யாரும் எழுதிப் போடல" என்றாள். பிறகு, சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொன்னாள்.