பூண்டைப் பேணும் முறை

தில்லியில் வாழும் நம்மவர் இல்லங்களில் பங்குனியும் சித்திரையும் பூண்டு வாங்கும் மாதங்களாகும். மத்தியப் பிரதேசத்து மந்த்சௌர், நீமச் பகுதிகளில் விளைந்த புதுப்பூண்டு அப்பொழுதுதான் சந்தைகளில் வந்து குவிகின்றது. 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு ஊரிலிருந்து வருவோர் கையில் எப்பொழுதேனும் கிட்டினால், அதனைப் பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் குழம்புக்கென்று தனியே எடுத்து வைக்கின்றோம். வாங்குவது எளிது, ஆடி, ஆவணி மழையைக் கடந்து ஐப்பசி வரை கெடாமற் காப்பதே அரிது.

பூண்டுக்கு ஈரம் பகை, காற்று நட்பு. ஆதலின் புதுப்பூண்டை நாங்கள் கழுவுவதில்லை. மண்ணைத் தட்டி, தாளோடு நிழலில் இரண்டு மூன்று வாரம் உலர்த்துகின்றோம். கழுத்து இறுகி, மேல்தோல் சருகாய்ச் சலசலத்தால் பக்குவமாயிற்று எனக் கொள்ளலாம். பின்னர்க் கொத்தாகக் கட்டி, அடுப்பின் வெக்கை எட்டாத இடத்தில் தொங்கவிடுகின்றோம். தாளற்றவை மூங்கிற் கூடைக்குச் செல்லும். பிளாஸ்டிக் பை ஆகாது. முழுப்பூண்டைக் குளிர்ப்பெட்டியில் வைப்பதும் நன்றன்று. அக்குளிரே முளைவிடத் தூண்டும். வாரம் ஒருமுறை தடவிப் பார்த்து, மெலிந்ததை முதலில் சமையலுக்கு எடுத்துவிடுகின்றோம்.

எங்கள் இல்லத்துப் பெண்கள் அலுவலகம் செல்பவர்கள். காலையில் பூண்டு உரிக்கப் பொழுதில்லை. ஆகவே ஞாயிறன்று உரித்து அரைத்து, பனிக்கட்டித் தட்டில் இட்டு உறையவைக்கின்றோம். வேண்டும்பொழுது ஒரு கட்டி ரசத்திற்குப் போதும்.

இங்கு ஒன்றை வற்புறுத்திக் கூற விரும்புகின்றோம். உரித்த பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து, சமையல் மேடையிலேயே பல நாள் வைக்கும் வழக்கம் சில இல்லங்களில் உண்டு. அது கைவிடத்தக்கது. கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிர் காற்றில்லாத இடத்திலேயே பெருகுவது. எண்ணெய் அவ்விடத்தை அமைத்துத் தருகின்றது. மண்ணிலிருந்து பூண்டோடு வரும் அதன் வித்துகள் கொதிநீரிலும் மடிவதில்லை. அது விளைக்கும் நஞ்சு நரம்புகளைத் தாக்கி மூச்சையும் நிறுத்த வல்லது. மணத்தாலோ சுவையாலோ அறிய இயலாதது. 1985-ஆம் ஆண்டில் கனடாவின் வான்கூவர் நகரத்து உணவகமொன்றில், குளிரூட்டாது வைத்த எண்ணெய்ப் பூண்டை உண்டு 36 பேர் இந்நோய்க்கு ஆளாயினர். எண்ணெயில் இட்டே ஆகவேண்டுமெனின், குளிர்ப்பெட்டியில் வைத்து நான்கு நாள்களுக்குள் தீர்த்துவிடுக.

அவ்வாறாயின் நம் பாட்டிமார் ஊறுகாயில் எண்ணெய் ஊற்றவில்லையா எனக் கேட்கலாம். ஊற்றினர், ஆனால் நிறையப் புளியும் உப்பும் சேர்த்துக் காய்ச்சிய பின்னரே ஊற்றினர். புளிப்பு மிகுந்த இடத்தில் அந்நுண்ணுயிர் வளராது. எண்ணெய் மேற்காவல், புளிப்பே மெய்க்காவல். எலுமிச்சைச் சாற்றில் ஊறும் பூண்டு சில வேளை நீலப்பச்சையாக மாறும். பூண்டின் கந்தகச் சத்தும் புளிப்பும் கூடுவதால் வரும் நிறம் அது, அஞ்ச வேண்டுவதில்லை.

பாட்டியின் கைப்பக்குவத்தில் எண்ணெயை மட்டும் கொண்டு புளியை விட்டுவிடலாகாது. நம் சகோதரிகள் இதனை நினைவிற்கொண்டு, புதுப்பூண்டு வரும் பருவத்திலேயே ஆண்டுத் தேவைக்குச் சேமித்துப் பயன்பெறுவார்களாக.