கத்தி பிடிக்கத் தெரியாத கதாநாயகன்

ராஜா காலத்து கேம்னா நமக்கு ஒரு கணக்கு உண்டு. ஆரம்பிச்ச பத்தாவது நிமிஷம் கையில வாள், அடுத்த அரை மணி நேரத்துல ஒரு டிராகன், ராத்திரி சாப்பாட்டுக்குள்ள உலகத்தைக் காப்பாத்திடணும். 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' கேம்ல முதல் ஒரு மணி நேரம் நான் செஞ்ச வீரச் செயல்கள் இவை: அப்பாவுக்கு அடுப்புக் கரி வாங்கினேன், குளிர்ந்த பீர் வாங்கினேன், கடனை வசூல் பண்ணப் போய் குனேஷ்ங்கிற ஊர்க் குடிகாரன்கிட்ட உதை வாங்கினேன். மொத்தத்துல வாங்கினதுதான் அதிகம் :-)

செமஸ்டர் லீவுல சுமார் பன்னிரண்டு மணி நேரம் ஆடியிருக்கேன். கதை எங்கேயோ கிடக்கு, நான் இன்னும் வாசல்படியிலதான் நிக்கிறேன். அதனால இது விமர்சனம் எல்லாம் இல்லை. பார்த்தவரைக்கும் மனசுல நின்னது மட்டும்.

செக் குடியரசுல, ப்ராக் நகரத்துல இருக்கிற வார்ஹார்ஸ் ஸ்டுடியோஸ் செஞ்ச கேம் இது. டேனியல் வாவ்ராங்கிறவர் தலைமை. டிராகனும் மந்திரவாதியும் இல்லாத கேமை யார் வாங்குவாங்கன்னு பணம் போடுறவங்க தயங்கினப்போ, 2014ல கிக்ஸ்டார்ட்டர்ல மக்கள்கிட்டயே கேட்டாங்க. கேட்டது 3 லட்சம் பவுண்ட், வந்தது 11 லட்சத்துக்கும் மேல. கேம் 2018 பிப்ரவரியில வந்துச்சு. இரண்டாம் பாகமும் 2025 பிப்ரவரியில வந்தாச்சு. நான் எப்பவும் போல ஒரு பாகம் லேட்.

கதை நடக்கிறது 1403ல, பொஹிமியாவுல, அதாவது இன்னைக்கு செக் குடியரசா இருக்கிற மண்ணுல. பேரரசர் நான்காம் சார்லஸ் 1378ல செத்துப் போறார். மகன் வென்செஸ்லாஸ் அரசன் ஆகிறார், ஆனா ஆட்சியில பிடிப்பு இல்லை. இன்னொரு மகன் சிகிஸ்மண்ட் ஏற்கனவே ஹங்கேரி ராஜா. அவர் 1402ல அண்ணனையே சிறை பிடிச்சிட்டு, படையோட நாட்டுக்குள்ள இறங்குறார். வெள்ளிச் சுரங்கம் இருக்கிற ஊர்கள் மேல அவருக்குக் கண்ணு. ஸ்கலிட்ஸ் அப்படி ஒரு ஊர். நம்ம பாடப் புத்தகத்துல இதெல்லாம் வந்திருந்தா ரெண்டு மார்க் கேள்வி. "சிகிஸ்மண்டின் படையெடுப்பு பற்றி குறிப்பு வரைக." ராஜா பேரு, வருஷம், எரிஞ்ச ஊர் பேரு, முடிஞ்சது.

இந்த கேம் அந்த ரெண்டு மார்க் பதிலுக்குள்ள போய் உட்காருது. நீங்க ராஜா இல்லை, தளபதி இல்லை. எரிஞ்ச ஊர்ல கொல்லன் மகன். பேரு ஹென்றி. காலையில பீர் வாங்கப் போன பையன், சாயங்காலத்துக்குள்ள அப்பா அம்மா ரெண்டு பேரையும் வெட்டுறதைத் தூரத்துல இருந்து பார்க்கிறான். வேற எந்த கேமா இருந்தாலும் அந்த இடத்துல வாளை எடுத்துக்கிட்டு ஓடியிருப்போம். இங்க ஒரே ஒரு வேலைதான், ஓடுறது. குதிரை மேல ஏறி பக்கத்துல இருக்கிற டால்ம்பெர்க் கோட்டைக்குப் போகணும். பின்னாடி குமான் வீரர்கள் துரத்துறாங்க. எனக்குக் கீ போர்டுல விரல் நடுங்கினது உண்மை.

அதைவிட கனமான இடம் அடுத்த பகுதி. கோட்டையில பத்திரமா இருக்கிறதை விட்டுட்டு, செத்தவங்களைப் புதைக்கணும்னு திருட்டுத்தனமா ஊருக்குத் திரும்புறான் ஹென்றி. முந்தின நாள் வணக்கம் சொன்ன ஆளுங்க எல்லாம் வழி நெடுகக் கிடக்கிறாங்க. அப்பா கடைசியா அடிச்சுக் கொடுத்த வாளும் அங்கேயே ஒரு கொள்ளைக்காரன் கைக்குப் போயிடுது. ஹென்றி அடிபட்டுக் கிடக்கிறப்போ காப்பாத்துறது தெரேசாங்கிற ஊர்ப் பொண்ணு. ரட்டாய்ங்கிற ஊருக்குப் பக்கத்துல, அவ மாமாவோட மாவு மில்லுல கண்ணு முழிக்கிறான். முழிச்சதும் முதல் செய்தி: வைத்தியச் செலவுக்கு நீ கடன்காரன். சினிமாவுல இந்த இடத்துல பாட்டு வரும். இங்க பில் வருது.

இனி சண்டை. இந்த கேமைப் பத்தி யார் பேசினாலும் கடைசியில இங்கதான் வந்து நிப்பாங்க. எதிரியைப் பார்த்து நின்னா திரையில நட்சத்திரம் மாதிரி ஒரு குறி வரும், ஐந்து முனை. மேல, வலது, இடதுன்னு எந்தப் பக்கமா வெட்டப் போறீங்கன்னு மவுஸ்ல தேர்ந்தெடுக்கணும். எதிரி எந்தப் பக்கம் பிடிச்சிருக்கான்னும் பார்த்துக்கணும். சும்மா கிளிக் கிளிக்னு தட்டினா நாலாவது வீச்சுல மூச்சு வாங்கி நிப்பான் நம்ம ஆளு. தெம்பு இருக்கிறவரைக்கும் விழுற அடியை அது கொஞ்சம் தாங்கும். தீர்ந்து போச்சுன்னா ஒவ்வொரு அடியும் நேரா உயிர்ல. ரட்டாய்ல கேப்டன் பெர்னார்டுன்னு ஒரு வாத்தியார் மர வாளைக் கையில கொடுத்துப் பழக்குவார். அவர்கிட்ட ஒரு மணி நேரம் அடி வாங்கினதுக்கு அப்புறம்தான் முதல் தடவையா ஒரு வீச்சைச் சரியான நேரத்துல தடுத்தேன். அந்த 'டங்'னு வர்ற சத்தத்துக்காகவே இன்னும் ஒரு மணி நேரம் ஆடினேன்.

ஒருத்தன்னா சமாளிக்கலாம். ரெண்டு பேர் வந்தா ஒருத்தன் பின்னாடி போயிடுவான். மூணு பேர்னா ஓடிடுங்க, வெட்கமே படாதீங்க. கிராமத்து ஆளு கையில கோடரியோட நின்னாலும் பயமா இருக்கு. ஒரே ஆளா நூறு பேரைச் சாய்ச்ச கேம் நாயகர்கள் மேல எனக்கு இருந்த மரியாதை கொஞ்சம் குறைஞ்சு போச்சு. கவசம்னா அடுக்கு அடுக்கா போடணும்: முதல்ல பஞ்சு வச்சுத் தைச்ச அங்கி, அது மேல இரும்பு வளையச் சட்டை, அதுக்கும் மேல தகடு. முகம் மூடுற தலைக்கவசம் போட்டா திரையே ஒரு கீறல் அளவுக்குச் சுருங்கிடும். வில்லுல அம்பை இழுத்தா குறி பார்க்க நடுவுல புள்ளியே கிடையாது. என்னோட முதல் இருபது அம்பும் முயலுக்குப் பொழுதுபோக்கு.

ஆனா என்னை உலுக்கினது சண்டை இல்லை. எழுத்து.

ஒரு புத்தகம் கிடைச்சுது, திறந்தேன். வாக்கியம் மாதிரியே இருக்கு, ஆனா ஒரு வார்த்தையும் புரியலை. தமிழ் எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்ல தமிழ்ப் பக்கம் திறந்த மாதிரி, எழுத்தெல்லாம் இடம் மாறிக் கிடக்கு. கேம்ல கோளாறு இல்லை. ஹென்றிக்குப் படிக்கத் தெரியாது! 1403ல கொல்லன் மகனுக்கு எப்படித் தெரியும்? உஷிட்ஸ்ங்கிற ஊர்ல ஒரு எழுத்தர் இருக்கார். அவருக்குக் காசு கொடுத்து, சில நாள் உட்கார்ந்து கத்துக்கணும். கத்துக்கிட்ட உடனே எல்லாம் தெளிஞ்சிடாது. அடுத்த புத்தகத்துல சில வார்த்தை நேராகும், சிலது கலைஞ்சே இருக்கும். படிக்கப் படிக்க ஒவ்வொண்ணா இடத்துக்கு வரும். பெஞ்சுல உட்கார்ந்து படிச்சா சீக்கிரம் ஏறுது, அதையும் யோசிச்சு வச்சிருக்காங்க. ஒரு வரி முழுசா, ஒரு எழுத்துகூட பிசகாம புரிஞ்சப்போ, பெர்னார்டுகிட்ட தடுத்த அந்த வீச்சைவிட சந்தோஷமா இருந்துச்சு.

என் அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. பஸ் ஸ்டாண்டுல "தம்பி, இது எங்க போகுது"ன்னு அவங்க கேட்கிறப்போ, போர்டுலதான் எழுதியிருக்கேன்னு ஒரு நொடி எரிச்சல் வரும் எனக்கு. அந்த போர்டு அவங்க கண்ணுக்கு எப்படித் தெரியும்னு இத்தனை வருஷத்துல நான் பார்த்ததே இல்லை. உஷிட்ஸ் போற வழியில, கலைஞ்சு கிடந்த அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன்.

மத்தபடி வயிறு பசிக்கும், தூக்கம் வரும், பையில வச்ச இறைச்சி கெட்டுப் போகும். சட்டையில ரத்தக்கறையோட போய்ப் பேசினா பெரிய மனுஷங்க மதிக்க மாட்டாங்க, தொட்டியில குளிச்சிட்டுப் போகணும். நினைச்ச இடத்துல சேவ் பண்ண 'சேவியர் ஷ்னாப்ஸ்'னு ஒரு சாராயம் குடிக்கணும், அடுத்தடுத்து குடிச்சா ஹென்றி தள்ளாடுவான். இல்லைன்னா சொந்தப் படுக்கையில தூங்கணும். இது சிலருக்கு ரசனை. நாளைக்கு ரெக்கார்டு நோட்டு வைக்கணும்னு இருக்கிறவனுக்கு இம்சை. கேமை விட்டு வெளிய போறப்போ சேவ் ஆகிற வசதியை அப்புறமா சேர்த்துட்டாங்க, புண்ணியவான்கள். பூட்டைத் திறக்கிற விளையாட்டைப் பத்தி நான் எதுவும் சொல்றதா இல்லை, வீட்டுல பெரியவங்களும் படிக்கலாம்.

குறையும் இருக்கு. ஆயிரம் நுணுக்கம் பார்த்தவங்க, குமான் வீரர்களை மட்டும் முகமூடி போட்ட பேய்கள் மாதிரி விட்டுட்டாங்க. ஹென்றியோட பயத்துல பார்த்தா அப்படித்தான் தெரியும்னு சொல்லலாம். ஆனா பீர் விக்கிறவருக்குக்கூட ஒரு கதை இருக்கிற கேம்ல இது கண்ணுல உறுத்துது. தெரேசா மாதிரி ஒரு பொண்ணு, ஹென்றியைக் காப்பாத்தினதும் ஓரமா போயிடுறா. ஸ்கலிட்ஸ் எரிஞ்ச நாளை அவ கண்ணால ஆட விடுற கூடுதல் பகுதி 2019ல வந்திருக்கு. அடுத்து அதைத்தான் வாங்கணும்.

ஆனா காடு அழகு, அதைச் சொல்லியே ஆகணும். வரைபடம் மொத்தமே 16 சதுர கிலோமீட்டர்தான், ஆனா ஊர்கள் நிஜம். ரட்டாய்ல இருக்கிற பிர்க்ஸ்டைன் கோட்டை இன்னைக்கும் நிக்குது. டால்ம்பெர்க் இடிபாடா கிடக்கு. சசாவா மடாலத்துக்கு இப்பவும் ஆளுங்க போறாங்க. இந்த கேமை ஆடிட்டு, அதே வழியில நடந்து பார்க்கிறதுக்காகவே போறவங்களும் இருக்காங்களாம்.

இப்போதைக்கு ஹென்றி ரட்டாய்ல இருக்கான். கோட்டையில சேவகம், கூடவே ஹான்ஸ் கேப்பன்னு திமிர் பிடிச்ச ஒரு இளவட்டப் பிரபுவோட உரசல். நாளைக்குக் காலையில அவனோட வேட்டைக்குப் போகணும், இன்னும் அம்பு நேராப் போகலை. அப்பாவோட வாள் அந்தக் கொள்ளைக்காரன் இடுப்புலதான் இருக்கு.