விட்பி: அழகும் அபாயமும் நிறைந்த கடற்கரை

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், எஸ்க் நதி வடகடலில் கலக்குமிடத்தில் உள்ளது விட்பி என்னும் பழம்பெரும் துறைமுகப் பட்டணம். கிழக்குக் குன்றின்மேல் ஏற 199 படிகள் உண்டு. உச்சியில் புனித மரியாள் ஆலயமும், அதனருகே பழைய மடத்தின் இடிபாடுகளும் நிற்கின்றன. ஹில்டா அம்மையார் கி.பி. 657-இல் நிறுவிய முதல் மடமும் இக்குன்றின்மேல்தான் இருந்தது. உயிர்த்தெழுந்த பண்டிகையின் நாளைக் கணிக்கும் முறையை 664-இல் தீர்மானித்த சங்கமும் விட்பியில்தான் கூடிற்று. மாலுமி ஜேம்ஸ் குக் தொழில் பழகியதும், அவருடைய ‘எண்டெவர்’ கப்பல் கட்டப்பட்டதும் இவ்வூரிலேயே.

மேற்குக் குன்றின் அடியிலிருந்து சான்ட்செண்ட் கிராமம்வரை நீண்ட மணற்கரை விரிந்து கிடக்கிறது. குடும்பமாய் உலாவ ஏற்ற இடம். ஆயினும் கடல்நீர் ஏறும் வேளையில் அலைகள் குன்றின் அடிவரை வந்து வழியை அடைத்துவிடும்.

இக்கடலின் சீற்றத்தை விட்பி நன்கறியும். 1861 பிப்ரவரி 9 அன்று வீசிய புயலில், உயிர்காப்புப் படகினர் ஐந்து முறை சென்று மாலுமிகளை மீட்டனர். ஆறாம் முறை படகு கவிழ்ந்தது. பதின்மூவரில் பன்னிருவர் மாண்டனர். புதுவகைத் தக்கை அங்கி அணிந்திருந்த ஹென்றி ஃப்ரீமன் மட்டுமே பிழைத்தார்.

துணிவுள்ளவர்க்கும் பாதுகாப்பு அவசியம் என்பதற்கு அந்த அங்கியே சாட்சி. ஆகையால், அங்கே செல்வோர் நீர் ஏறும் நேரத்தைக் கேட்டறிந்த பின்னரே மணலில் இறங்குவது நலம்.