நீறு பூத்த நெருப்பு

ஞானஸ்நானம் எடுத்த புதிதில், அல்லது ஓர் எழுப்புதல் கூட்டத்தில் மனம் திரும்பிய புதிதில், ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்றிருக்கும். விடிகாலை நாலு மணிக்கு அலாரம் இல்லாமலே விழிப்பு வரும். வேதாகமத்தில் பக்கத்துக்குப் பக்கம் அடிக்கோடு விழும். பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம்கூட ஆண்டவரைப் பற்றிப் பேசத் தோன்றும். பாடும்போது கண்கள் தானாக நிறையும்.

இருபது வருடம் கழித்தும் அதே ஆள் அதே ஆலயத்தில்தான் இருப்பார். சேகர கமிட்டியில் பொறுப்பு வந்திருக்கும். அறுப்பின் பண்டிகைக்குப் பந்தல் போடுவதிலிருந்து கணக்கு ஒப்படைப்பது வரை அவர் தலையில்தான். ஜெபம் வாயில் மனப்பாடமாக ஓடும். மனசு வீட்டு வேலைகளைச் சுற்றிக்கொண்டிருக்கும். பிரசங்கம் எங்கே போய் முடியும் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். ஒருநாள், சபைக்குப் புதிதாக வந்த இளைஞன் ஒருவன் கண்ணீரோடு பாடுவதைப் பார்க்கும்போது உள்ளே ஒரு பயம் எழும். ‘நமக்கு இது எங்கே போயிற்று? பின்வாங்கிப் போய்விட்டோமோ?’

இந்தப் பயத்தை வெளியே சொல்பவர்கள் குறைவு. மூத்த விசுவாசி என்று பேர் வாங்கியபின் சொல்ல வெட்கமாக இருக்கும். சிலர் அந்தப் பழைய உணர்ச்சியைத் தேடி ஊர் ஊராகக் கூட்டங்களுக்கு அலைகிறார்கள். சிலர் சத்தமில்லாமல் விலகிவிடுகிறார்கள். வேறு சிலர், உள்ளே வறண்டு கிடக்க, வெளியே உற்சாகம் காட்டிக் காலம் தள்ளுகிறார்கள். அதுதான் ஆளை அதிகம் களைக்க வைக்கிற வழி.

இது இன்று நேற்று வந்த வியாதி அல்ல. முதல் நூற்றாண்டிலேயே எபேசு பட்டணத்துச் சபைக்கு வந்தது. இன்றைய துருக்கியின் மேற்குக் கரையோரம் இருந்த பெரிய ஊர் அது. பவுல் அங்கே ஊழியம் செய்த நாட்களில், மந்திர வித்தை செய்துவந்தவர்கள் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் எரித்தார்கள். அவற்றின் மதிப்பு 50,000 வெள்ளிக்காசு என்று அப்போஸ்தலர் நடபடிகள் கணக்குச் சொல்கிறது. அப்படிக் கொழுந்துவிட்டு எரிந்த சபைக்குத்தான், பின்னாளில் வெளிப்படுத்தின விசேஷத்தில் ஒரு கடிதம் வருகிறது. உழைப்பு, பொறுமை, போலிப் போதகர்களை இனங்காணும் தெளிவு எல்லாவற்றுக்கும் அதில் பாராட்டு உண்டு. ஒரே குறை, ஆதி அன்பு போய்விட்டது.

அந்தக் கடிதம் சொல்லும் மருந்தைக் கவனிக்க வேண்டும். எந்த நிலையிலிருந்து விழுந்தோம் என்று நினைத்துப் பார்க்கவும், மனம் திரும்பவும், ஆரம்பத்தில் செய்த காரியங்களை மறுபடி செய்யவும் சொல்கிறது. பழைய உணர்ச்சியை வரவழைக்கச் சொல்லவில்லை. உணர்ச்சி கூப்பிட்டால் வராது. செயல் மட்டுமே மனிதன் கையில் இருக்கிறது.

பாரிஸில் வாழ்ந்த சகோதரர் லாரன்ஸ் இதைச் சமையலறையில் கற்றுக்கொண்டார். பதினெட்டு வயதில், குளிர்காலத்தில் இலையுதிர்ந்து நின்ற ஒரு மரத்தைப் பார்த்தார். சீக்கிரமே இது துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்று நினைத்தபோது கடவுளின் வல்லமை அவரை ஆட்கொண்டது. போர்வீரராக இருந்து காயம்பட்டவர், 1640ல் கார்மேல் துறவிகளின் மடத்தில் சேர்ந்தார். கிடைத்ததோ அவருக்குப் பிடிக்காத சமையல் வேலை. முதல் பத்து வருடம் மனசுக்குள் பெரும் வேதனை. கடைசியில், ஆயுள் முழுக்க இப்படியே போனாலும் சரி, கடவுளுக்காகச் செய்வதை விடுவதில்லை என்று தீர்மானித்தார். அமைதி வந்தது அதற்குப் பிறகுதான். வாணலியில் முட்டையைப் புரட்டுவதையும் அவருக்காகவே செய்தார். நினைவு சிதறினால் தன்னையே திட்டிக்கொண்டிருக்காமல் மறுபடி அவர் பக்கம் திரும்பிக்கொண்டார். 1691ல் அவர் இறந்தபின் அவருடைய பேச்சுகளும் கடிதங்களும் தொகுக்கப்பட்டு, இன்றுவரை படிக்கப்படுகின்றன.

எல்லோருக்கும் அந்த அமைதி உணர்வாகக் கிடைப்பதில்லை. அன்னை தெரசாவுக்கு 1946 செப்டம்பர் 10ஆம் தேதி, டார்ஜீலிங் போகும் ரயிலில் அந்த அழைப்பு வந்தது. கொல்கத்தா தெருக்களில் வேலையைத் தொடங்கிய சில காலத்திலேயே உள்ளே இருள் சூழ்ந்தது. கடவுள் அருகில் இருக்கும் உணர்வே இல்லாமல் பல பத்தாண்டுகள் கழிந்ததை அவருடைய கடிதங்கள் 2007ல் வெளிவந்தபோதுதான் உலகம் அறிந்தது. அத்தனை வருடமும் அவர் விடியற்காலை ஜெபத்துக்கு எழுந்தார், நோயாளிகளின் புண்ணைக் கழுவினார். உணர்ச்சி வற்றியதால் விசுவாசம் செத்துவிட்டது என்று அவரைப் பார்த்து யார் சொல்ல முடியும்?

ஆரம்பத்தில் செய்த காரியங்கள் என்றால் என்ன? ஒவ்வொரு வீட்டிலும் அதற்குப் பதில் இருக்கிறது. அடிக்கோடிட்ட அந்தப் பழைய வேதாகமத்தை எடுத்து, எந்த வசனம் ஏன் அன்று அழவைத்தது என்று குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பெற்றோர் எப்படி ஆண்டவரிடம் வந்தார்கள் என்ற கதை பல பிள்ளைகளுக்குத் தெரியாது. தினம் ஒரு பத்தி என்று படித்துப் பழகியவர்கள், மாற்கு சுவிசேஷத்தின் 16 அதிகாரங்களையும் ஒரே மூச்சில் கதை போலப் படித்துப் பார்க்கலாம். தெரிந்த கதைதான், ஆனால் அதன் வேகம் புதிதாக இருக்கும்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் உட்காரலாம். நோவாவின் பேழையில் மீனுக்கு எதற்கு இடம் என்று ஒரு வாண்டு கேட்கும்போது, இருபது வருடமாகக் கேட்காத கேள்வி உள்ளே விழித்துக்கொள்ளும். பதவியும் மாலையும் கிடைக்காத ஒரு வேலையையும் செய்யலாம். படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவருக்கு வாரம் ஒருமுறை சாப்பாடு கொண்டுபோய், அருகில் உட்கார்ந்து பேசிவிட்டு வரலாம்.

சில வீடுகளில் வறட்சிக்குக் காரணம் வெளிப்படையாகவே இருக்கிறது. கமிட்டித் தேர்தலில் வந்த மனத்தாங்கல், பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி, ஆலயத்துக்குள் ஆளுக்கொரு பக்கம் உட்காரும் இரண்டு குடும்பங்கள். அங்கே எத்தனை உபவாசக் கூட்டம் வைத்தாலும் பழைய உற்சாகம் திரும்பாது. முதலில் போய்ப் பேச வேண்டியவரிடம் பேச வேண்டும். மனம் திரும்புதல் என்பது அங்கிருந்துதான் தொடங்கும்.

எபேசுவில் ஊழியம் செய்த தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, அவருக்குள் இருந்த வரத்தை அனல் மூட்டிவிடும்படி பவுல் நினைவூட்டினார். விறகடுப்புக் காலத்தில் பாட்டிகள் இரவில் தணலைச் சாம்பலால் மூடிவைப்பார்கள். காலையில் பார்த்தால் அணைந்தது போலத்தான் தெரியும். சாம்பலை விலக்கி, ஒரு சுள்ளி வைத்து, குனிந்து ஊதினால் பற்றிக்கொள்ளும். ஊதுகிறவருக்குக் கண் கொஞ்சம் எரியும், அவ்வளவுதான். மறுநாள் காலையிலும் குனிந்து ஊத வேண்டும்.