பத்து போல்ட்டுகள்

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கத்தான் செய்யும். ஹார்லிக்ஸ் தீர்ந்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும். இப்போது அதற்குள் ஆணி, திருகு, நட்டு, ஒற்றைக் கொக்கி, எந்தப் பூட்டுக்கு என்று யாருக்கும் தெரியாத சாவி எல்லாம் குடியிருக்கும். எங்கள் வீட்டு பாட்டிலுக்கு அதிபதி என் தகப்பனார். "இரும்பு என்றைக்கும் இரும்புதான்; அதைத் தூக்கி எறிகிற வீடு உருப்படாது" என்பது அவருடைய கட்சி. பிறந்தது முதல் நானும் அந்தக் கட்சியில் அங்கத்தினர். அதனால் வந்த வினைதான் இது.

2022-ம் வருஷம் மே மாதம். திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுச் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கார் என்னுடையது, நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி, பழசு. ஓட்டியவளும் நான்தான். ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. உஷ்ணம் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. "செங்கற்பட்டு வந்துவிடட்டும்" என்று பார்த்தும் பாராததுபோல் ஓட்டினேன். 'பெண்கள் கார் ஓட்டினால் இப்படித்தான்' என்று சொல்ல வாயெடுப்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். பக்கத்து ஸீட்டிலிருந்த என் கணவரும் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு பேசாமல்தான் வந்தார். கடைசியில் செங்கற்பட்டு வரவில்லை, புகை வந்தது.

மறுநாள் பட்டறையில் மேஸ்திரி எஞ்சின் எண்ணெயைத் தொட்டுக் காட்டினார். பால் அதிகமாக விட்ட காப்பி மாதிரி இருந்தது. "தண்ணி கலந்திடுச்சும்மா. ஹெட் காஸ்கட் போயிடுச்சு" என்றார்.

காஸ்கட் என்றால் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குக்கர் மூடியில் போடுகிற ரப்பர் வளையம் சற்று இற்றுப் போனாலும் என்ன நடக்கிறது? விசில் வராது, ஓரத்தில் ஆவி சீறும். எஞ்சினிலும் அப்படித்தான். கீழே பாத்திரம், மேலே மூடி, நடுவே காஸ்கட். கீழே இருப்பதற்கு பிளாக் என்றும் மூடிக்கு ஹெட் என்றும் பெயர். ஆனால் குக்கரில் வெளிக் காற்றைவிட ஒரு மடங்குதான் அழுத்தம் ஏறும். பெட்ரோல் எஞ்சின் முழு மூச்சில் இழுக்கும்போது அது ஐம்பது மடங்கைத் தாண்டும். அதுவும், நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று ஓடினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்கு 25 தடவை வெடிக்கும். அத்தனைக்கும் அந்த மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பவை பத்து போல்ட்டுகள்.

"காஸ்கட் புதுசு போடணும். ஹெட்டை லேத்திலே குடுத்து மட்டம் பார்க்கணும். போல்ட்டு பத்தும் மாத்தணும்" என்று கணக்குச் சொன்னார் மேஸ்திரி. போல்ட்டுக்கு மட்டும் இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.

ஒன்றைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். துரு இல்லை, மரை தேயவில்லை, நகைக் கடையில் வைக்கலாம் போலிருந்தது. "இதற்கென்ன குறை?" என்றேன்.

அப்பாவும் கூட இருந்தார். "என் அம்பாஸடரில் மூன்று தடவை ஹெட்டைக் கழற்றினேன். ஒரு நட்டு மாற்றினதில்லை" என்று சாட்சி சொன்னார்.

"அது வேற வண்டிங்கய்யா. இதுக்குப் புக்கிலேயே மாத்தணும்னு போட்டிருக்கு" என்றார் மேஸ்திரி.

"புக்குப் போடுகிறவனும் போல்ட்டு விற்கிறவனும் ஒரே ஆள்தானே?" என்றேன் நான். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்ட கணங்களில் அதுவும் ஒன்று. மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு, "உங்க இஷ்டம்மா" என்றார். பழைய போல்ட்டுகளே மறுபடி ஏறின.

அக்டோபரில் அப்பாவுக்குக் கண் புரை ஆபரேஷன். முடிந்து, ஒரு கண்ணில் கட்டுடன் அவரை அழைத்து வருகிறேன். நல்ல மழை. கிண்டியைத் தாண்டவில்லை, முள் மறுபடி சிவப்புக்குப் போயிற்று. இந்தத் தடவை உடனே நிறுத்திவிட்டேன். நிறுத்தி என்ன? ஒரு குடைக்குள் நாங்கள் இருவரும் ஆட்டோவுக்காக முக்கால் மணி நேரம் நின்றோம். கட்டில் ஒரு சொட்டு மழைத் தண்ணீர் பட்டுவிடக் கூடாதே என்று என் கைப்பையைத் திறந்து அவர் நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. ஏதாவது திட்டியிருந்தால் தேவலை.

பட்டறையில் மறுபடி பிரித்தார்கள். ஹெட்டும் மட்டமாக இருந்தது. பிளாக்கும் மட்டமாக இருந்தது. மேஸ்திரி இந்தத் தடவை என்னைக் கேட்காமலே புது போல்ட் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். கண்ணாடிப் பலகையில் அதை நிறுத்தி, பழையவற்றைப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தினார். மூன்று போல்ட்டுகள் ஒரு நகத்தின் கனத்துக்கு உயரமாக நின்றன! "இதுங்களை முறுக்கும்போதே கை இளகுச்சும்மா. உங்ககிட்டே சொல்லியிருக்கணும்" என்றார். தப்பு அவருடையதல்ல என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

அன்று அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். போல்ட் என்பது ஆணி அல்ல. அது ஒரு ஸ்பிரிங். முறுக்கும்போது இம்மியளவு நீளுகிறது. பழையபடி சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் மூடியை அமுக்குகிறது. உங்கள் கொண்டை ஊசியையே பாருங்கள். கொஞ்சம் விரித்து விட்டால் 'டக்'கென்று மூடிக்கொள்ளும். அளவுக்கு மீறி விரித்தீர்களோ, பிறகு மூடாது; கூந்தலில் நிற்காது. ஆனால் பார்வைக்குப் புதிது போலவே இருக்கும்.

பழைய எஞ்சின்களில் போல்ட்டை ஒருபோதும் அந்த எல்லை வரை விரிக்க மாட்டார்கள். இத்தனை பலம் என்று காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்கி நிறுத்திவிடுவார்கள். இதில் ஒரு சங்கடம். நாம் போடுகிற பலத்தில் ரூபாய்க்குச் சுமார் தொண்ணூறு பைசா, மரையிலும் தலையடியிலும் உராய்வுக்கே போய்விடுகிறது. அமுக்குவதற்கு மிஞ்சுவது பத்துப் பைசா. மரையில் கொஞ்சம் அழுக்கிருந்தால் அதுவும் குறையும். அதனால் பிற்காலத்து எஞ்சின்கள் பலவற்றில் வேறு வழி செய்தார்கள். போக்ஸ்வாகன் எஞ்சின்கள் சிலவற்றுக்கு முதலில் 40 நியூட்டன் மீட்டர், அடுத்து 60, அப்புறம் கணக்குப் பார்க்காமல் கால் சுற்று, இன்னும் ஒரு கால் சுற்று. அந்தக் கடைசிச் சுற்றுகளில் போல்ட் தன் எல்லையைத் தொட்டு நிரந்தரமாகவே சற்று நீண்டுவிடும். அதுதான் அவர்களுக்கு வேண்டியது. பத்து போல்ட்டும் ஒரே மாதிரி அமுக்கும். ஆனால் அந்த வித்தை ஒரே தடவைதான். மறுபடி அதையே முறுக்கினால் நீளத்தான் நீளும், பிடிக்காது. சில சமயம் பிளாக்குக்குள்ளேயே முறிந்துவிடும். அதை வெளியே எடுக்கும் கூலியைக் கேட்டால் இரண்டாயிரத்து நானூறு சில்லறைக் காசாகத் தெரியும்.

"அப்படியானால் என் அம்பாஸடர்?" என்று அப்பா விடவில்லை.

அவர் சொன்னதும் வாஸ்தவம். அம்பாஸடரின் 1489 சி.சி. எஞ்சின் இங்கிலாந்து பி.எம்.ஸி. கம்பெனி வம்சம். ஹெட்டும் வார்ப்பிரும்பு, பிளாக்கும் வார்ப்பிரும்பு. ஸ்டட் நட்டு வைத்து எல்லைக்கு உள்ளேயே இறுக்குகிற அமைப்பு. மரை சுத்தமாக இருந்தால் அவற்றை மறுபடி போடலாம். உத்தரபாராவில் 2014-ல் அந்தக் கார் நிற்கிற வரைக்கும் ஊரெல்லாம் அப்படித்தான் போட்டார்கள். என் வண்டியில் ஹெட் அலுமினியம். சூடேறினால் இரும்பைப்போல் இரண்டு மடங்கு விரியும்; போல்ட்டை மேலும் இழுக்கும். நடுத்தரமான கட்சியும் உண்டு. ஹோண்டா கைப்புத்தகங்கள் சிலவற்றில் பழைய போல்ட்டின் விட்டத்தை அளக்கச் சொல்கிறார்கள், 10.6 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் மாற்று, இல்லாவிட்டால் போடு என்கிறார்கள். புத்தகம் போடுகிறவன் எப்போதும் விற்கவே பார்க்கிறான் என்ற என் வாதம் அங்கே அடிபட்டுப் போயிற்று.

ஆகவே உங்கள் வண்டியில் ஹெட்டைக் கழற்றும்படி ஆனால் மேஸ்திரியிடம், "போல்ட் நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "புத்தகம் என்ன சொல்கிறது, மாற்றச் சொல்கிறதா, அளக்கச் சொல்கிறதா?" என்று கேளுங்கள். போல்ட் இறங்குகிற குழிகளில் எண்ணெயும் தண்ணீரும் தேங்காமல் துடைத்தாரா என்பதையும் கேட்டுவிடுங்கள். குழியில் தண்ணீர் நின்றால், புது போல்ட் போட்டு முறுக்கும்போது போக இடமில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும்.

இரண்டாம் தடவை எனக்கு ஆன செலவு பதினாறாயிரம். பணம் கொடுக்கும்போது அப்பா பழைய போல்ட்டுகளைக் கேட்டார். மேஸ்திரி உடனே தரவில்லை. ஒவ்வொன்றையும் பிடிப்பில் வைத்து மரையின் குறுக்கே ரம்பத்தால் ஒரு வெட்டு வெட்டி, பிறகு காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பா ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்து, ஒரு நிமிஷம் யோசித்து, மூடி வைத்தார். அவற்றில் ஒன்று இப்போது அவருடைய பத்திரிகைகள் பறக்காமல் மேஜைமேல் இருக்கிறது. மற்ற ஒன்பதும் பழைய பேப்பர்க்காரனுக்குப் போயின, எடைக்கு.