நிலவுப் பள்ளத்தாக்கில் ஒரு சிற்றூர்

திராட்சைத் தோட்டத்தையும் அதன் கூலியாட்களையும் பற்றி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மறையுரை ஆற்றி வருகிறோம். ஆனால் அத்தகைய தோட்டமொன்றில் கூலியாட்கள் பழம் அறுப்பதை அருகே நின்று கண்டதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் வழியே பேருந்தில் செல்லும்போது சன்னல் வழியாகப் பன்னீர் திராட்சைப் பந்தல்களைப் பார்த்ததோடு சரி. எனவே, குருமடத்தில் எம்முடன் பயின்று இப்போது கலிபோர்னியாவில் பணியாற்றும் நண்பர், "வாரும் சாமி, அறுவடை நேரத்தில் ஓர் ஊரைக் காட்டுகிறேன்" என்று எழுதியபோது, ஆயரின் அனுமதி பெற்றுப் புறப்பட்டோம். சென்ற செப்டம்பர் மாதக் கடைசியில் இரண்டு இரவுகள் அவ்வூரில் தங்கினோம்.

ஊரின் பெயர் கிளென் எலன். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவில், சோனோமா பள்ளத்தாக்கில் உள்ளது. மக்கள் தொகை ஆயிரத்துக்கும் குறைவு. நகராட்சி கிடையாது, மாவட்ட நிர்வாகமே ஊரைக் கவனித்துக்கொள்கிறது. சோனோமா ஓடையும் கலபாசஸ் ஓடையும் கூடும் இடத்தில் ஒரு பாலம், ஓர் அஞ்சலகம், ஒரு மளிகைக் கடை, சில உணவு விடுதிகள், மரங்களுக்கிடையே ஒளிந்திருக்கும் வீடுகள், இவ்வளவுதான் ஊர். தெருவில் இறங்கி நடந்தால் எதிரே வருவோர் அரிது. வந்த ஒருவரும் நாயுடன் வந்தார். நம் ஊர்த் தேநீர்க் கடையின் சந்தடிக்குப் பழகிய செவிக்கு அந்த அமைதி முதல் நாள் இனிமையாகவும் இரண்டாம் நாள் சற்றே அச்சமூட்டுவதாகவும் இருந்தது.

நிலம் வாங்கிக் குடியேறிய சார்ல்ஸ் ஸ்டூவர்ட் என்பவர் தம் மனைவி எலனின் பெயரைத் தம் தோட்டத்துக்கு இட்டார், அதுவே ஊர்ப்பெயராயிற்று. மனைவியின் பெயரில் ஊர் இருப்பது நல்ல காரியந்தான். நம் நாட்டில் பெரும்பாலும் கணவன்மார் பெயரே நிலைக்கிறது.

எம்மைத் தங்கவைத்தவர் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார். தனியே வாழ்பவர், ஞாயிறு திருப்பலிக்குத் தவறாதவர். அருகிலுள்ள எல்ட்ரிட்ஜ் என்னுமிடத்தில் மனவளர்ச்சி குன்றியோருக்கான அரசு இல்லத்தில் நெடுங்காலம் பணிவிடை செய்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் அவர் தம்மைப்பற்றி அதிகம் பேசவில்லை. எமக்காகச் சோறு வடித்து, அதில் எலுமிச்சம்பழம் பிழிந்து, இந்தியர் இப்படித்தான் உண்பார்கள் அல்லவா என்று கேட்டார். ஆம் என்றோம்.

அறுவடை இரவில் நடைபெறுகிறது. இது எமக்குப் புதுச் செய்தி. பகல் வெயிலில் பழம் சூடேறினால் சாறு கெட்டுவிடக்கூடுமாம். குளிர்ந்த பழமே ஆலைக்குச் செல்லவேண்டும். அதிகாலை மூன்று மணிக்கு நண்பர் எம்மை எழுப்பி, அறிமுகமான ஒரு தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். நம் கம்பத்துப் பந்தல்போல் தலைக்குமேல் கொடி படர்வதில்லை. இடுப்பளவு உயரத்தில் கம்பி கட்டி, வரிசை வரிசையாகக் கொடியைப் படரவிடுகிறார்கள். டிராக்டரில் பொருத்திய பெரிய விளக்குகள் ஒரு வரிசையை மட்டும் பகலாக்க, சுற்றிலும் கும்மிருட்டு. அந்த வெளிச்சத்தில் ஆண்களும் பெண்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் வளைந்த சிறு கத்தியால் குலையை அறுத்துத் தொட்டியில் போட்டபடி ஏறக்குறைய ஓடினார்கள். நடந்து அறுப்பவர் ஒருவரையும் காணவில்லை. எல்லாரும் மெக்சிகோ நாட்டுப் பின்னணியினர். தமக்குள் ஸ்பானிய மொழியில் பேசிச் சிரித்தனர். ஒருவர் எம் கழுத்துப்பட்டையைக் கண்டதும் கத்தியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு சிலுவை அடையாளம் வரைந்தார். மறுநொடியே குனிந்து அடுத்த குலையைப் பற்றினார். கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழுக் கூலி கொடுத்த தலைவனின் உவமையை இனிப் பிரசங்கிக்கும்போது அந்த இடக்கை எம் கண்முன் நிற்கும் என்றே நினைக்கிறோம். விடிந்தபின், ஆலையில் ஒரு குப்பி இரசம் விற்கும் விலையைப் பார்த்தோம். அதை இங்கே எழுதினால் வாசகர் எவரும் நம்பமாட்டார்.

இப்பள்ளத்தாக்குக்குத் திராட்சையைக் கொண்டு வந்தவர்கள் எம்மைப் போன்ற குருக்களே. பிரான்சிஸ்கு சபையார் கலிபோர்னியாவில் நிறுவிய 21 மறைப்பணித் தலங்களில் கடைசியானதும் வடகோடியில் உள்ளதும் சோனோமா நகரில் இருக்கிறது. 1823 சூலை 4-ஆம் நாள் ஆல்டிமிரா என்னும் இளங்குரு அதைத் தொடங்கினார். ஏனைய இருபதும் ஸ்பெயின் ஆட்சியில் எழுந்தவை. இது ஒன்றே மெக்சிகோ சுதந்திரம் பெற்றபின் எழுந்தது. திருப்பலிக்கு இரசம் வேண்டும். ஆகவே கொடி நட்டார்கள். நம் கம்பத்துக்கும் 1832-இல் ஒரு பிரெஞ்சுக் குருவானவரே பன்னீர் திராட்சையைக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுவதை இங்கே நினைத்துக்கொண்டோம். பீடம் எங்கே போயிற்றோ, அங்கே கொடியும் பின்சென்றிருக்கிறது.

1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு நடப்பிலிருந்தபோது, ஆலைகள் பல மூடப்பட்டன. சட்டத்தில் பூசை இரசத்துக்கு விலக்கு இருந்தது. மலைக்கு அப்பால் நாப்பா பள்ளத்தாக்கில் ஜார்ஜ் தெ லத்தூர் என்ற பிரெஞ்சுக்காரர் நடத்திய ஆலை அந்த இரசத்தை விற்றே பிழைத்தது. அந்நாள்களில் விற்ற பூசை இரசம் எல்லாம் பீடத்துக்குத்தான் போயிற்றா என்று நண்பரிடம் கேட்டோம். அவர் பதில் கூறாமல் வண்டியை ஓட்டினார்.

மறுநாள் காலை, எழுத்தாளர் ஜாக் லண்டனின் பண்ணைக்குச் சென்றோம். சோனோமா என்ற பழங்குடிச் சொல்லுக்கு நிலவுப் பள்ளத்தாக்கு என்பது பொருள் எனப் பரப்பியவர்களுள் அவரும் ஒருவர். அப்பெயரில் 1913-இல் ஒரு நாவலும் எழுதினார். அறிஞர்கள் அந்தப் பொருளை ஐயுறுகிறார்கள், ஊரார் ஐயுறுவதில்லை. அவர் கல்லாலும் செம்மரத்தாலும் 26 அறைகள் கொண்ட ஒரு மாளிகை கட்டினார். குடிபுகச் சில நாள்களே இருந்தபோது, 1913 ஆகஸ்டு மாதம், ஓர் இரவில் அது எரிந்துபோயிற்று. எண்ணெய் தோய்ந்த துணிகள் தாமே பற்றிக்கொண்டிருக்கலாம் என்று 1995-இல் ஆராய்ந்தோர் கருதினர். கற்சுவர்கள் மட்டும் கூரையின்றி மரங்களுக்கிடையே நிற்கின்றன. மூன்றாண்டு கழித்து, 1916-இல், நாற்பதே வயதில் அவர் காலமானார். மரம் விற்றுப் பொருள் ஈட்டலாம் என நம்பி ஆயிரக்கணக்கில் யூகலிப்டசு நட்டார். அதன் மரம் தச்சுக்கு உதவவில்லை. உதகைச் சாலையின் வாசனையை அங்கே முகர்ந்தபோது ஊர் நினைவு வந்தது.

நெருப்பு என்றால் இவ்வூரார் முகம் மாறுகிறது. 2017 அக்டோபர் 8 இரவு, கடுங்காற்றில் மரமொன்று மின்கம்பியில் விழ, நன்ஸ் கேன்யன் என்ற மலைப்பிளவருகே தீ எழுந்தது. விடிவதற்குள் கிளென் எலனில் பல வீடுகள் சாம்பலாயின. எம் அம்மையாரின் வீடு தப்பியது. எதிர் வீடு தப்பவில்லை. அங்கே இப்போது புது வீடு எழுந்துள்ளது, புதிய மனிதர் வசிக்கிறார். பழைய அண்டை வீட்டார் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வேறு மாநிலம் சென்றுவிட்டனராம்.

பிற்பகலில் சோனோமா மறைப்பணித் தலத்தைத் தரிசிக்கச் சென்றோம். தரிசிக்க என்று எழுதினோம். உண்மையில் அது இப்போது கோயில் அல்ல, அரசுப் பூங்காத் துறையின் அருங்காட்சியகம். 1881-இல் திருச்சபை அதை விற்றுவிட்டது. வைக்கோல் அடைக்கும் கிடங்காகவும் ஆயிற்று; பின்னர் மீட்கப்பட்டது. வெள்ளையடித்த மண்செங்கல் சுவர், ஓட்டுக்கூரை, முற்றத்தில் கள்ளிச்செடி. நம் தென்மாவட்டத்துப் பழைய பங்குக் கோயில் ஒன்றைப் பார்ப்பதுபோல் இருந்தது, மனம் நெகிழ்ந்தது.

அந்த நெகிழ்ச்சி நெடுநேரம் நிலைக்கவில்லை. பக்கத்துச் சுவரில் ஒரு நினைவுக்கல் உள்ளது. 1824-க்கும் 1839-க்கும் இடையில் இத்தலத்தில் வாழ்ந்து, உழைத்து, இறந்த பழங்குடி மக்களில் எண்ணூறுக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் இருநூறுக்கு மேல் குழந்தைகள். பெயர்கள் எல்லாம் ஸ்பானியப் பெயர்கள். ஞானஸ்நானத்தின்போது குருக்கள் கொடுத்தவை, குருக்களின் பதிவேட்டிலிருந்தே எடுக்கப்பட்டவை. அவர்தம் தாய் அழைத்த பெயர் எதுவோ, அது கல்லில் இல்லை.

நாமும் பதிவேடு எழுதுகிறவர்கள். பெயர், பெற்றோர், நாள், ஞானப்பெற்றோர், கையொப்பம் என்று எத்தனை ஆயிரம் வரிகள் எம் கையால் எழுதியிருப்போம்! அன்றைய குருக்களும் அதே கவனத்தோடு எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் இப்பெயர்களேனும் கிடைத்தன. ஆனால் ஞானஸ்நானம் பெற்றவர் தம் விருப்பப்படி தலத்தை விட்டு வெளியேற அன்று இசைவில்லை. ஓடியவரைப் பிடித்து வந்து தண்டித்தனர். ஆல்டிமிரா குருவின் கடுமை தாங்காமல் 1826-இல் மக்கள் கிளர்ந்தெழுந்து கட்டடங்களுக்குத் தீயிட, அவர் தப்பியோட நேர்ந்தது. பின்னர், 1838-இல், பெரியம்மை வந்தது. தலத்தின் நிலங்கள் 1834-க்குப் பின் அம்மக்களுக்கே பங்கிடப்படும் என்றனர். பெரும்பகுதி வேறு கைகளுக்குப் போயிற்று. அந்தக் குருவை நாம் நியாயந்தீர்க்கவும் இயலவில்லை, அவருக்காகப் பரிந்து பேசவும் நா எழவில்லை. கல்லின் முதல் வரிசையிலிருந்து தொடங்கிப் பெயர்களை வாய்விட்டுப் படித்தோம். மூன்று வரிசை முடிவதற்குள் பூங்கா மூடும் நேரம் வந்துவிட்டது.

அன்று மாலை அம்மையாரிடம் இதைக் கூறினோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, பிறகு, நாளை புறப்படுமுன் எல்ட்ரிட்ஜுக்கு என்னுடன் வருவீர்களா என்று கேட்டார்.

அந்த இல்லம் 1891-இல் அங்கே வந்தது. குறையுள்ள பிள்ளைகளைப் பெற்ற இரு தாய்மார் முன்னின்று தொடங்கிய முயற்சி அது, நல்ல நோக்கமே. ஒரு காலத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வாழ்ந்தனர். சமையற்கூடம், சலவைக்கூடம், பால்பண்ணை, தீயணைப்பு நிலையம் எல்லாம் உண்டு. கிளென் எலன் குடும்பங்கள் பலவும் அதன் சம்பளத்தில் பிழைத்தன. 1909-இல் கலிபோர்னியா இயற்றிய சட்டம் ஒன்று, இத்தகையோருக்குக் கருத்தடை அறுவை செய்ய அரசு இல்லங்களுக்கு அதிகாரம் அளித்தது. மாநிலம் முழுவதும் ஏறக்குறைய 20,000 பேருக்கு அது செய்யப்பட்டது. அவர்களுள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்த ஒரே இல்லத்தவர். மனக்குறை ஏதுமின்றி, ஏழ்மையாலோ ஒழுக்கக்கேடு எனப்பட்டதாலோ அனுப்பப்பட்ட பெண்பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். 1930 திசம்பரில் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் கிறித்தவத் திருமணம் பற்றிய சுற்றுமடலில் இதனைத் தெளிவாகக் கண்டித்தார். குருமடத்தில் அப்பகுதியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறோம். யாரைக் குறித்து எழுதப்பட்டது என அன்று எண்ணிப் பார்த்ததில்லை. சட்டம் 1979-இல்தான் நீக்கப்பட்டது. உயிரோடிருப்போருக்கு இழப்பீடு வழங்க 2021-இல் வழிசெய்தார்கள்.

அம்மையார் பணியில் சேர்ந்தது அந்த அறுவைகள் நின்று நெடுங்காலம் ஆனபிறகு. அவர் கண்டது வேறு: நாற்பது வயதுப் பிள்ளைகளுக்குச் சோறூட்டுவது, படுக்கையில் புரட்டிவிடுவது, இரவில் பயந்து அலறினால் பக்கத்தில் அமர்வது. 2017 தீயின்போது எஞ்சியிருந்தவர்களைப் பேருந்துகளில் ஏற்றி டிக்சன் நகரின் சந்தைத் திடலுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டின் கடைசி நாளோடு இல்லம் மூடப்பட்டது. சிறு வீடுகளில் வாழ்வது அவர்களுக்கு நலம் என்பது அரசின் முடிவு; அது சரியாகவும் இருக்கலாம் என்றார் அம்மையார். ஆனால் விடைபெற ஒரு நாள் கொடுத்திருக்கலாம் என்றும் சொன்னார்.

காலையில் சென்றோம். செங்கற் கட்டடங்களின் சன்னல்களில் பலகை அடித்திருந்தார்கள். அங்கே புதிய குடியிருப்புகள் எழுப்பும் திட்டமும், அது மிகப் பெரிது என்று ஊரார் தொடுத்த வழக்கும் பற்றி நண்பர் வழியில் விளக்கினார். அம்மையார் எதற்கும் நில்லாமல் மேட்டுப் பாதையில் ஏறினார். மேலே கருவாலி மரங்கள், காய்ந்த பொன்னிறப் புல். இதுதான் கல்லறைத் தோட்டம் என்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஒரு கல்லும் இல்லை, சிலுவையும் இல்லை, மேடும் இல்லை.

செபிக்குமாறு கேட்டார். தோள்துண்டை அணிந்து, இறந்தோர் மன்றாட்டைத் தமிழில் சொன்னோம். நண்பர் பதில் கூறினார். முடித்தபின் அம்மையார், இங்கே கிடப்பவர்களின் பெயர் எனக்குத் தெரியாது, நான் குளிப்பாட்டியவர்களின் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டார். சொல்லுங்கள் அம்மா என்றோம். ஒவ்வொரு பெயராகச் சொன்னார். நாம் ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லி, நித்திய இளைப்பாற்றி வேண்டினோம். பன்னிரண்டாம் பெயரோ பதின்மூன்றாம் பெயரோ, அவருக்கு நினைவுக்கு வரவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார். முகம் நன்றாக நினைவிருக்கிறது, இடக்காது கேளாதவன், மணி அடித்தால் சிரிப்பான் என்றார். அந்த இடக்காது கேளாதவனுக்காகவும் வேண்டினோம். கீழே, எங்கோ ஒரு தோட்டத்தில், அன்றைய அறுவடையை முடித்துக்கொண்டு டிராக்டர் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது.