டோங் ஃபாங்ஜுவோ: ஜெர்சி விற்க வந்தவரா?

மான்செஸ்டர் யுனைடெட் வாங்கியதிலேயே மோசமான வீரர்கள் யார் என்று இணையத்தில் அடிக்கடி பட்டியல் போடுவார்கள். அதில் பெரும்பாலும் ஒரு சீனப் பெயர் இருக்கும். டோங் ஃபாங்ஜுவோ. பக்கத்திலேயே, சீனாவில் ஜெர்சி விற்பதற்காக வாங்கப்பட்டவர் என்று ஒரு வரி விளக்கம். அதோடு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள்.

கணக்கைப் பார்த்தால் அந்த வரி சரி என்றுதான் தோன்றும். 2004 ஜனவரி முதல் 2008 ஆகஸ்ட் வரை, நாலரை வருடத்துக்கு மேல் அவர் யுனைடெட்டின் வீரர். அந்த அணிக்காக ஆடிய போட்டி ஆட்டங்கள் மொத்தம் மூன்று. கோல் ஒன்றுகூட இல்லை. ஒரு ஸ்ட்ரைக்கருக்கு இதைவிட மோசமான கணக்கு வேண்டுமா?

ஆனால் அந்த நாலரை வருடத்தில் முதல் மூன்று வருடம் அவர் எங்கே இருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. கதையே அங்கேதான் இருக்கிறது.

டோங் (சீனர்கள் குடும்பப் பெயரை முன்னால் போடுவார்கள், அதனால் டோங் என்பதுதான் குடும்பப் பெயர்) 1985 ஜனவரி 23 அன்று டாலியனில் பிறந்தார். வடகிழக்குச் சீனாவில், லியாவோனிங் மாகாணத்தில் உள்ள துறைமுக நகரம் அது. கொல்கத்தாவுக்குக் கால்பந்து எப்படியோ, சீனாவில் டாலியனுக்கு அப்படி. 1994-இல் சீனாவில் முதன்முதலாகத் தொழில்முறை லீக் தொடங்கியபோது முதல் கோப்பையை வென்றது டாலியன் அணிதான். அடுத்த சில வருடங்களில் அதே அணி திரும்பத் திரும்ப ஜெயித்தது. டோங்குக்கு அப்போது ஒன்பது, பத்து வயது. அந்த ஊரில் அந்த வயதில் ஒரு பையன் வேறு என்ன கனவு காண முடியும்?

அவரும் அதே கிளப்புக்குத்தான் போனார். டாலியன் ஷிடே. உயரமும் வேகமும் உள்ள பையன். 19 வயது ஆகும் சமயத்தில் மான்செஸ்டரில் இருந்து அழைப்பு வந்தது. ஆரம்பத் தொகை 5 லட்சம் பவுண்டு, ஆடும் ஆட்டங்களைப் பொறுத்து 35 லட்சம் பவுண்டு வரை போகலாம் என்று அப்போது செய்தி வந்தது. யுனைடெட்டில் சேர்ந்த முதல் சீன வீரர் அவர்தான்.

அது எந்த நேரம் என்பதையும் பார்க்க வேண்டும். 2002-இல்தான் சீன ஆண்கள் அணி முதல் தடவையாக உலகக் கோப்பைக்குப் போனது. (மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. அதற்குப் பிறகு இன்றுவரை போகவும் இல்லை.) அதே வருடம் சுன் ஜிஹாய் மான்செஸ்டர் சிட்டியிலும், லி டியே எவர்ட்டனிலும் சேர்ந்தார்கள். அந்த சீசனில் எவர்ட்டனின் ஜெர்சியிலேயே ஒரு சீன செல்போன் கம்பெனியின் பெயர் இருந்தது. ஐரோப்பிய கிளப்புகள் எல்லாம் சீனாவை ஒரு பெரிய சந்தையாகப் பார்க்க ஆரம்பித்திருந்த காலம். ஆகவே 19 வயது சீனப் பையனை யுனைடெட் வாங்கியதும், இது வியாபாரத்துக்குத்தான் என்று பேச்சு கிளம்பியதில் ஆச்சரியமில்லை. அந்த சந்தேகம் முழுக்கத் தப்பு என்றும் சொல்லிவிட முடியாது.

ஆனால் வியாபாரத்துக்கு வாங்கினாலும் ஆளை மைதானத்தில் இறக்கத்தானே வேண்டும்? அங்கேதான் சிக்கல்.

அப்போது இங்கிலாந்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் வீரருக்கு ஒர்க் பெர்மிட் வேண்டியிருந்தது. அந்தக் காலத்து விதி இதுதான். வீரரின் நாடு ஃபிஃபா தரவரிசையில் முதல் 70 இடங்களுக்குள் இருக்க வேண்டும். அதோடு கடந்த இரண்டு வருடத்தில் அந்த நாட்டு அணி ஆடிய முக்கிய ஆட்டங்களில் நூற்றுக்கு 75 பங்கு அவர் ஆடியிருக்க வேண்டும். தேசிய அணியில் இன்னும் நிலையான இடமே பிடிக்காத 19 வயதுப் பையனுக்கு இது எட்டாத உயரம்.

அதனால் யுனைடெட் அவரை பெல்ஜியத்தில் உள்ள ராயல் ஆண்ட்வெர்ப் கிளப்புக்கு லோனில் அனுப்பியது. 1880-இல் தொடங்கிய, பெல்ஜியத்திலேயே பழைய கிளப். யுனைடெட்டுடன் அதற்கு ஒப்பந்தம் இருந்தது. ஜான் ஓ'ஷே, ஜானி எவன்ஸ் மாதிரி இளம் வீரர்கள் எல்லாம் சில மாதம் அங்கே போய் ஆடிவிட்டு வருவார்கள். டோங் போனதோ சில மாதத்துக்கு அல்ல. ஏறக்குறைய மூன்று வருடம்!

போன கொஞ்ச நாளிலேயே, 2004-இல், ஆண்ட்வெர்ப் முதல் டிவிஷனில் இருந்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. அடுத்து நடந்ததைத் தமிழில் ஒரு பழமொழியால் சொல்லிவிடலாம். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம். தேசிய அணியில் தொடர்ந்து ஆடினால்தான் பெர்மிட். பெல்ஜியத்தின் இரண்டாம் டிவிஷனில் ஆடுகிற ஒருவரைத் தேசிய அணிக்குத் தொடர்ந்து எடுக்க எந்தக் கோச்சுக்கு மனசு வரும்? மான்செஸ்டரில் ஆடினால் எடுப்பார்கள். மான்செஸ்டரில் ஆடப் பெர்மிட் வேண்டும்.

இந்த வட்டத்துக்குள் இருந்துகொண்டு அவர் சும்மா இருக்கவில்லை. 2005-06 சீசனில் 18 கோல் அடித்தார். பெல்ஜியம் இரண்டாம் டிவிஷனிலேயே அந்த வருடம் அதிக கோல் அடித்தது அவர்தான். மொழி தெரியாத ஊரில், குளிரில், தன் சொந்தக் கிளப் வேறு நாட்டில் இருக்க, 21 வயதில் ஒருவர் செய்த வேலை இது. ஜெர்சி விற்க மட்டும் வந்தவர் செய்கிற வேலையா? மோசமான வீரர்கள் பட்டியலில் இந்த 18 கோல் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

கடைசியில் பெர்மிட் கிடைத்து, 2007 ஜனவரியில் யுனைடெட் வீரராக முறைப்படி பதிவானார். எண் 21.

முதல் ஆட்டம் 2007 மே 9. செல்சியின் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானம். மூன்று நாள் முன்புதான் யுனைடெட்டுக்கு லீக் கோப்பை உறுதியாகியிருந்தது. செல்சி வீரர்கள் இரண்டு வரிசையாக நின்று கைதட்டி வரவேற்க, டோங் உள்ளே நுழைந்தார். முன்வரிசையில் அவரோடு ஆடியவர் ஓலே குன்னர் சோல்ஷயர். முடிவு தெரிந்துபோன லீகில் ஒரு சம்பிரதாய ஆட்டம், 0-0. டாலியன் பையனின் கனவு நனவானது அன்றுதான். பிரீமியர் லீகில் அவர் ஆடிய ஒரே ஆட்டமும் அதுதான்.

இரண்டாவது ஆட்டம் 2007 செப்டம்பர் 26, லீக் கப். ஓல்ட் டிராஃபோர்டில், கீழ் டிவிஷன் அணியான கோவென்ட்ரியிடம் யுனைடெட் 0-2 என்று தோற்றது. இரண்டு கோலையும் அடித்தவர் மால்டா என்ற குட்டித் தீவு நாட்டைச் சேர்ந்த மைக்கேல் மிஃப்சுட். ஒரு பக்கம் சின்ன நாட்டில் இருந்து வந்த ஸ்ட்ரைக்கர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொள்ளக்கூடிய இரவு. அதே மைதானத்தின் மறுமுனையில், பெரிய நாட்டில் இருந்து வந்த ஸ்ட்ரைக்கர் வாய்ப்பைத் தவறவிட்ட இரவு. அன்று இளம் வீரர்கள் பலர் சொதப்பினார்கள். ஜெரார்ட் பிக்கேவும் அந்த அணியில் இருந்தார். பிக்கே பிறகு பார்சிலோனா போய் எல்லாக் கோப்பையும் வென்றார். டோங்குக்கு இன்னொரு முறை தொடக்க அணியில் இடம் கிடைக்கவில்லை.

மூன்றாவது ஆட்டம் 2007 டிசம்பர் 12, சாம்பியன்ஸ் லீகில் ரோமாவுக்கு எதிராக. அடுத்த சுற்றுக்கு யுனைடெட் ஏற்கெனவே போய்விட்டதால் அந்த ஆட்டத்துக்கு மதிப்பில்லை. ரூனிக்குப் பதிலாகக் கொஞ்ச நேரம் இறங்கினார். அவ்வளவுதான்.

நியாயமாகப் பேசினால் இன்னொரு பக்கமும் உண்டு. அந்த சீசனில் யுனைடெட்டின் முன்வரிசை என்ன தெரியுமா? ரூனி, ரொனால்டோ, டெவஸ், சஹா. லீகும் சாம்பியன்ஸ் லீகும் சேர்த்து வென்ற அணி. அதில் இடம் பிடிக்கும் அளவுக்கு டோங் ஆடவில்லை என்பது உண்மை. எல்லாப் பழியையும் ஒரு விதியின் மேல் தூக்கிப் போட்டுவிட முடியாது. ஆனால் ஒரு ஸ்ட்ரைக்கர் கற்றுக்கொள்ளும் வயது 19 முதல் 22 வரை. அந்த வயதில் ஃபெர்குசனின் கண் முன்னால் தினமும் பயிற்சி செய்வதும், கடல் தாண்டி இரண்டாம் டிவிஷனில் ஆடுவதும் ஒன்றாகுமா?

இதற்கு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஒருவர் தென் கொரியாவின் பார்க் ஜி-சுங். 2005-இல் யுனைடெட்டுக்கு வந்தபோது அவரையும் ஜெர்சி விற்க வந்தவர் என்றுதான் கிண்டல் செய்தார்கள். ஆனால் அவர் வந்தது 2002 உலகக் கோப்பை அரையிறுதி, ஹாலந்தின் பி.எஸ்.வி கிளப்பில் சாம்பியன்ஸ் லீக் என்று எல்லாம் பார்த்துவிட்டு. பெர்மிட் தடையாக இல்லை. யுனைடெட்டுக்காக 200-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். கிண்டல் தானாக அடங்கியது. ஆடிக் காட்டினால்தானே அடங்கும்!

இன்னொருவர் ஜப்பானின் மிட்டோமா. 2021-இல் பிரைட்டன் அவரை வாங்கியபோது அவருக்கும் இதே பெர்மிட் பிரச்சினை. அவரையும் பெல்ஜியத்துக்குத்தான் அனுப்பினார்கள். ஆனால் போனது முதல் டிவிஷனில் கலக்கிக்கொண்டிருந்த யூனியன் செயிண்ட்-கில்வாஸ் அணிக்கு, அதுவும் ஒரே ஒரு சீசன். 2022-இல் இங்கிலாந்து திரும்பி நட்சத்திரமானார். இரண்டு பேருக்கும் ஒரே வழிதான். ஒருவருக்கு ஒரு வருடம், இன்னொருவருக்கு மூன்று வருடம். 2023-இல் இங்கிலாந்து இந்த விதியை இன்னும் தளர்த்தி, தகுதிப் புள்ளிகள் போதாத சில வீரர்களையும் கிளப்புகள் எடுக்கலாம் என்றது. டோங்குக்கு அது 19 வருடம் தாமதம்.

யுனைடெட்டில் ஒரு கோலும் அடிக்காத டோங், சீனாவுக்காக அடித்த ஒரு கோலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2008 ஆகஸ்ட் 7, பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவுக்கு முந்தின நாள். கால்பந்து ஆட்டம் நடந்தது ஷென்யாங்கில், அதாவது டோங்கின் சொந்த மாகாணமான லியாவோனிங்கின் தலைநகரில். நியூசிலாந்து ஒரு கோல் முன்னிலை. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது, 88-ஆவது நிமிடத்தில், டோங் கோல் அடித்து 1-1 ஆக்கினார். ஒலிம்பிக் ஆண்கள் கால்பந்தில் சீன அணி அடித்த முதல் கோல் அது. 1988-இல் சியோலுக்குப் போனபோது மூன்று ஆட்டத்திலும் ஒன்றுகூட அடிக்காமல் திரும்பியிருந்தார்கள். பெய்ஜிங்கிலும் அடுத்த இரண்டு ஆட்டத்தில் பெல்ஜியத்திடம் 0-2, பிரேசிலிடம் 0-3 என்று தோற்று வெளியேறினார்கள்.

அந்தக் கோல் விழுந்து மூன்று வாரத்தில், அதே ஆகஸ்ட் கடைசியில், யுனைடெட் அவரை விடுவித்தது. வயது 23.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அலைச்சல்தான். மறுபடி டாலியன். 2010-இல் போலந்தின் லெகியா வார்சா, அதே வருடம் போர்ச்சுகலின் போர்டிமொனென்ஸ். 2011-இல் ஆர்மேனியாவின் மிகா. பிறகு சீனாவில் ஹூனான், ஹெபெய் என்று கீழ் டிவிஷன் கிளப்புகள். எங்கேயும் நிலைக்கவில்லை. 2014-இல் ஓய்வு. 29 வயது, பல ஸ்ட்ரைக்கர்கள் உச்சத்தில் இருக்கும் வயது.

அவருக்குப் பின் எந்தச் சீன வீரரும் யுனைடெட்டின் முதல் அணிக்காகப் போட்டி ஆட்டத்தில் இறங்கியதில்லை. 2008-க்குப் பிறகு சீன ஆண்கள் அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவும் இல்லை. அதனால் ஷென்யாங்கில் 88-ஆவது நிமிடத்தில் விழுந்த அந்தக் கோல்தான் இன்றுவரை ஒலிம்பிக் ஆண்கள் கால்பந்தில் சீனாவின் முதல் கோல், ஒரே கோலும் அதுதான்.

அடுத்த முறை அந்த மோசமான வீரர்கள் பட்டியல் கண்ணில் பட்டால், அவர் பெயருக்குப் பக்கத்தில் இந்த ஒரு கோலையும், ஆண்ட்வெர்ப்பில் அடித்த அந்த 18 கோலையும் சேர்த்துப் படியுங்கள்.